கைப்பிடிக்காரி மாரித்தாய்

மாரித்தாய்க்கு வலது கை இடது கையைவிடத் தடிமனாக இருக்கும். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு கரும்புச்சாற்றுக் கடையில் சக்கரம் சுற்றிச் சுற்றி வந்த தடிமன் அது. சீசன் நேரத்தில் விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை சுற்றுவாள். சக்கை மறுபக்கம் விழும், சாறு சட்டியில் இறங்கும். இரும்பு உருளை கிறீச்சிட்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுவாள். மனுசன் குடிக்கிற சாறு இறங்குகிற இடத்தில் மிஷின் ஆயில் விட முடியுமா? அதனால் தேங்காய் எண்ணெய்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் அவளைக் கெடுத்தது.

கடைக்காரன் ஒரு நாள் மோட்டார் வைத்த மிஷினை இறக்கினான்.

"மோட்டாருக்குக் கை வலிக்காது மாரித்தாயி. நீ நாளைக்கு வரண்டாம்" என்று சொல்லிவிட்டு, சாறு ஒரு கிளாஸ் கொடுத்தான். அவள் சுற்றாமல் குடித்த முதல் கிளாஸ் அதுதான்.

புருசன் செத்து வெகு நாளாயிற்று. பாவூர்சத்திரத்தில் மகன் வீட்டுக்குப் போனாள். மகன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், வாயில்லாதவன். வாய் முழுக்க மருமகள் பொன்செல்விக்குத்தான்.

"ஒரு ஆளு படுக்க எடத்துல ஒம்பது மூட்டை வெங்காயம் அடுக்கலாம்" என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். சொல்வது பக்கத்து வீட்டுக்காரியிடம், கேட்க வேண்டியது மாரித்தாய். ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால் அவள் பாய் விரிக்கிற இடத்தில் நிஜமாகவே வெங்காய மூட்டை நின்றது. யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி வெங்காயத்துக்கு மேலே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவள் பாயை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இலஞ்சி தாண்டிக் குற்றாலம் போகிற வழியில் சிவனணைந்தபெருமாளுக்கு ஒரு லாட்ஜ் உண்டு. மரக்கடை வைத்துச் சம்பாதித்த ஆள். எல்லாருக்கும் அண்ணாச்சி. சிரித்த முகம். அந்தச் சிரிப்பை நம்பிப் போனவன் யாரும் உருப்பட்டதாகத் தகவல் இல்லை. குற்றாலத்து லாட்ஜ்காரர்களுக்கு ஒரு தலைவலி இருக்கிறது. அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வந்த ஆட்கள் ரூமுக்குள் அடைந்து கிடந்து சண்டை போடுவார்கள். அவர்களுக்கு ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டும் என்று அண்ணாச்சி யோசித்துக்கொண்டிருந்தபோது, மூடிப்போன ஒரு நூல் மில்லில் மர பீரோக்கள் ஏலத்துக்கு வந்தன. பீரோவை எடுத்தால் உள்ளே பழைய கணக்கு மிஷின்கள். தூக்கிப் போட மனசில்லாமல் கீழ்த்தளத்து ஹாலில் மேசை போட்டு வரிசையாக வைத்தார்.

முதல் மேசையில் கையால் சுற்றுகிற மிஷின். எண்களுக்கு நேராகச் சின்னச் சின்ன நெம்புகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. எண்ணை நெம்பில் வைத்துக் கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். ஏழால் பெருக்க ஏழு சுற்று. வகுக்க வேண்டுமென்றால் கழித்துக்கொண்டே போக வேண்டும். கூடுதலாகக் கழித்துவிட்டால் உள்ளே டிங்கென்று மணி அடிக்கும். உடனே ஒரு சுற்று முன்னால் சுற்றிச் சரிசெய்து, மேலே விடை எண்கள் வரிசையாக இருக்கிற வண்டியை ஒரு எண் தள்ளி, மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது மேசையில் நெம்புக்குப் பதில் பொத்தான்கள் வந்துவிட்டன, ஆனால் கைப்பிடி போகவில்லை. மூன்றாவதில் கைப்பிடி போய் மோட்டார் வந்துவிட்டது, வண்டியை மட்டும் மனுசன் தள்ள வேண்டும். நாலாவது மேசை காலியாகக் கிடந்தது.

வேலை கேட்டு வந்த மாரித்தாயின் கையைத்தான் அண்ணாச்சி முதலில் பார்த்தார்.

"என்னட்டி, ஒரு கை ஆம்பளைக் கை மாதிரி இருக்கு?"

"கரும்பு மிஷினு சுத்துனேன் அண்ணாச்சி."

"அப்ப இதைச் சுத்து. வார ஆளுகளுக்குச் சுத்திக் காட்டணும். பொறத்தால ஒரு ரூமு இருக்கு, படுத்துக்கிடலாம்."

ரூமென்றால் பழைய பம்புசெட்டு அறை. ஒரு ஆள் காலை நீட்டலாம், இரண்டு ஆள் முடியாது. ஆனால் கதவு இருந்தது, பூட்டு இருந்தது, சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்கள். அவள் அதை ஒரு கயிற்றில் கோத்து, ஒரு காலத்தில் தாலி கிடந்த இடத்தில் போட்டுக்கொண்டாள். குளிக்கும்போதும் கழற்றமாட்டாள்.

வேலை பிடித்துப்போயிற்று. கொல்லத்திலிருந்து வருகிற குடும்பங்கள் அவளைச் சுற்றி நின்று, "சேச்சி, ஒந்நு கூடி" என்று இன்னொரு தடவை சுற்றச் சொல்வார்கள். அவள் மணி அடிக்கிறவரை சுற்றுவாள். மணி அடித்ததும் பிள்ளைகள் கத்தும். கணக்கு அவளுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மணி தெரியும், அது போதும்.

மறு வருசம் நாலாவது மேசைக்கு ஆள் வந்துவிட்டது. மதுரையில் பழைய சாமான் வியாபாரி ஒருவனிடமிருந்து அண்ணாச்சி வாங்கிவந்த முழு ஆட்டோமேட்டிக் மிஷின். ஒரு ஆட்டுக்குட்டி கனம். எண்ணைத் தட்டி ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதுவே கழிக்கும், அதுவே திருத்தும், வண்டி தானாக ஒரு எண் தாண்டி நகரும், விடை வந்ததும் தானாக நிற்கும். தென்காசியில் தையல் மிஷினும் டைப்ரைட்டரும் ரிப்பேர் பார்க்கிற மசூதுதான் வந்து அதைத் துடைத்து ஓட்டிக் காட்டினான்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. பூஜ்யத்தால வகுக்க மட்டும் வுட்டுராதிய."

"வுட்டா என்னவே?"

"வகுக்கதுன்னா இதுக்குக் கழிக்கதுதான். பூஜ்யத்தைக் கழிச்சா என்ன கொறையும்? ஒண்ணும் கொறையாது. கழிச்சுக்கிட்டே கெடக்கும். கை மிஷினுன்னா சுத்துதவன் கை வலிச்சு நிறுத்திருவான். இதுக்கு ஏது கை? இந்தா இந்த நிறுத்துற நெம்பை இழுக்கிற வரைக்கும் ஓடும். யாரும் இழுக்கலேன்னா மோட்டாரு எரிஞ்சுதான் நிக்கும்."

அண்ணாச்சி அந்த நெம்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். மனசுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அதோடு முதல் மேசைக்குக் கூட்டம் நின்றுபோயிற்று. எல்லாரும் நாலாவது மேசையைச் சுற்றித்தான். கைப்பிடியைப் பிள்ளைகளே சுற்றிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அண்ணாச்சி அவள் கையில் ஒரு துணியைக் கொடுத்து, "மிஷினெல்லாம் தொடச்சு வையி. சீசன் முடியட்டும், ஒன் சங்கதியப் பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' மாரித்தாய்க்குப் புரிந்தது. கரும்புக் கடையில் கேட்ட அதே சத்தம்தான். சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தன்னால் ஏதாவது ஆகிறது என்று காட்ட வேண்டும் அவளுக்கு. துடைக்கும்போது ஒரு நாள் அந்த ஆட்டோமேட்டிக் மிஷின் உள்ளே லேசாகக் கிறீச்சிடுவது கேட்டது. அவள் கையிலேயே மருந்து இருக்கிறதே? தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, மூடியின் இடுக்கு வழியாகத் தாராளமாக விட்டாள். கிறீச்சு நின்றது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

ரெண்டு நாள் ஓடியது. அப்புறம் சாரல் பிடித்தது. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கி, எண்ணெய்ப் பாட்டிலில் எண்ணெய் நெய் மாதிரி உறைகிற நாட்கள். ஹால் நிறைய ஆட்கள் நின்றபோது அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார். வண்டி பாதி வழியில் நின்றது. மோட்டார் உர்ரென்று முனகியது, பிறகு புகைந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டு வெளியே ஓடின.

மசூது வந்து மூடியைக் கழற்றினான். பல்சக்கரத்துக்கு நடுவில் வெள்ளையாகத் திரண்டிருந்ததை விரலால் வழித்து மோந்து பார்த்தான்.

"தேங்காண்ணெ! எந்தப் புண்ணியவான் ஊத்துனது?"

"நாந்தான் தம்பி" என்றாள் மாரித்தாய். ஒளிக்கத் தோன்றவில்லை. "சத்தம் வந்துச்சு. கரும்பு மிஷினுக்கு அதான் வுடுவோம்."

அண்ணாச்சி அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் கையைத் தூக்கி மசூதிடம் காட்டினார்.

"மண்ணெண்ணெ ஊத்திக் கழுவுனா மிஷினு ஓடுமாவே?"

"மிஷினு ஓடும். மோட்டாரு போச்சு. புதுசா செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டணும். இந்த மாடலைப் பாத்து நாளாச்சும்பான் கடைக்காரன், அவன் எப்ப முடிச்சுத் தருவானோ."

"மோட்டாரு எதுக்கு? மோட்டாரை இவதானே கொன்னா? அப்ப இவதான் மோட்டாரு."

மசூது முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தான். விளையாட்டு இல்லை. நாலாவது மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் போர்வை, தலையணை உறை போட்டுவைக்கிற இருட்டறை. சுவரில் ஓட்டை போட்டு, மோட்டார் இருந்த இடத்திலிருந்து ஒரு இரும்புக் கம்பியை விட்டு, அந்தப்பக்கம் சைக்கிள் பல்சக்கரமும் செயினும் கைப்பிடியும் வைக்கச் சொன்னார். பொத்தானை அமுக்கியதும் மோட்டாருக்குக் கரண்டு போகிற ஒயரில் ஒரு சின்னச் சிவப்பு பல்பை மாட்டி, அதையும் உள்ளே இழுத்துவிடச் சொன்னார். கரண்டு போனாலும் எரியட்டும் என்று பேட்டரி. பல்பு எரிந்தால் சுற்ற வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும். கழற்றின மோட்டாரை, வரும்போது வரட்டும் என்று, காயில் கட்டக் கடையில் கொடுத்துவைக்கவும் சொன்னார். மசூது மனசுக்குள் என்ன நினைத்தானோ, வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டான். தப்பான வேலையைச் சுத்தமாகச் செய்கிற ஆட்களால்தான் உலகத்தில் பாதிக் கஷ்டம்.

"சம்மதமாட்டி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ரூமு இருக்கும்லா?"

"மோட்டாருக்கு ரூமு இல்லாமலா?"

அவள் முந்தானையைச் சொருகிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள்.

அந்தச் சீசன் முழுக்க அவள் போர்வைக் குவியலுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை மிஷினில் அவள் இஷ்டத்துக்குச் சுற்றலாம், இதில் மோட்டார் வேகத்துக்குச் சுற்ற வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் வண்டி இழுபடும், சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து அண்ணாச்சி செருப்பால் சுவரைத் தட்டுவார். முதல் மேசையில் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்த ஆட்கள் இப்போது அவளை அறியாமல் மிஷினைப் பாராட்டினார்கள். ஒரு தடவை காற்றடித்துக் குற்றாலம் முழுக்கக் கரண்டு போய்விட்டது. மின்விசிறி நின்றது, மிஷின் மட்டும் நிற்கவில்லை.

"இன்வெர்ட்டர்ல ஓடுதா அண்ணாச்சி?" என்று ஒருத்தர் கேட்டார்.

"இது நாட்டு இன்வெர்ட்டரு. சோறு மட்டும் போட்டாப் போதும்" என்றார் அண்ணாச்சி.

உள்ளே மாரித்தாய்க்கும் சிரிப்பு வந்தது. சோறு போடுகிறார், உண்மைதானே.

ராத்திரி தோளைத் தொட முடியாது. சேலையை ஒற்றைக் கையால் உடுத்தப் பழகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிறதென்று சொன்ன மோட்டாரை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஒரு மத்தியானம் அண்ணாச்சிக்கு வேண்டிய ஆட்கள் தென்காசியிலிருந்து வந்தார்கள். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஹாலில் கூடினார்கள். சுவருக்குப் பின்னால் இருக்கிற சங்கதி அவர்களுக்குத் தெரியும், அதைச் சொல்லித்தான் அண்ணாச்சி கூட்டிவந்திருந்தார்.

"ஒம்ம மோட்டாரு எவ்வளவு நேரம் தாங்கும்வே?" என்றான் ஒருத்தன்.

"பாப்பமா? ஒரிஜினல் மோட்டாருன்னா எரிஞ்சிரும்னு மசூது பயங்காட்டுனான். இதுதான் எரியாதுல்லா."

எண்ணைத் தட்டினார். வகுக்கிற இடத்தில் ஒன்றும் தட்டவில்லை, பூஜ்யமாகவே விட்டார். பொத்தானை அமுக்கினார்.

உள்ளே பல்பு எரிந்தது. மாரித்தாய் சுற்றினாள். வழக்கமாக ஒரு கணக்குக்கு ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான் ஆகும். இது நிற்கவில்லை. பெரிய கணக்கு போல என்று நினைத்தாள். அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. 'ஓடுது ஓடுது' என்றார்கள், 'விடாத ஆத்தா' என்றார்கள், கை தட்டினார்கள். அவள் இன்னும் வேகமாகச் சுற்றினாள். கை தட்டுகிறார்களே.

அந்த நேரம் பார்த்து வாசலில் எவனோ கத்தினான்: "ஐந்தருவில தடையை எடுத்துட்டானுவ! குளிக்க வுடுதான்!"

துண்டைத் தேடுகிற சத்தம், செருப்பு மாட்டுகிற சத்தம், கார் கதவு சாத்துகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. நெம்பை இழுக்க யாருக்கும் ஞாபகமில்லை.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவள் சுற்றினாள். சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்க்கலாம்தான். பார்க்க எழுந்தால் கை நிற்கும், கை நின்றால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் சாவி போகும். இதுதான் அவள் போட்ட கணக்கு. ஒரு கட்டத்தில் தோளுக்குள் ஈர விறகு முறிகிற மாதிரி ஒன்று கேட்டது. வலது கை கைப்பிடியிலிருந்து தானாக நழுவித் தொங்கியது. மிஷின் ஒரு கணம் தடுமாறியது. அவள் பயந்துபோய் இடது கையால் பிடித்தாள்.

தையல் மிஷினைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பக்கம் வந்த மசூது, ஆளில்லாத ஹாலில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டு உள்ளே வந்தான். மிஷினின் சின்னக் கண்ணாடிக்குள் எண்கள் உருண்டுகொண்டே இருந்தன. பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. நெம்பை இழுத்துவிட்டு ஓடிப்போய் உள்ளறைக் கதவைத் திறந்தான்.

"யக்கா! அங்கன ஒரு ஆளும் இல்லையே யக்கா! யாருக்காகச் சுத்துதிய?"

அவள் பல்பைப் பார்த்தாள். அணைந்திருந்தது.

"லைட்டு எரிஞ்சிச்சே தம்பி" என்றாள்.

தோள் போய்விட்டது. தசை கிழிந்துவிட்டது, இனி அந்தக் கையைத் தூக்க வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி வந்து பார்த்தார். அவருக்கும் ஒரு நிமிசம் முகம் செத்துத்தான் போயிற்று. ஆனால் அது ஒரு நிமிசம்தான்.

"கை போனா என்ன, காலு ரெண்டு இருக்குல்லா. மசூது, சைக்கிளு பெடலை மாட்டு."

மாட்டினான். அதோடு விடவில்லை. குளித்துவிட்டுப் போன ஆட்கள் ஊரெல்லாம் சொல்லி, வருகிறவர்கள் எல்லாரும் "அந்த மோட்டாரைக் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் போட்டார். இப்போது பூஜ்யம்தான் பெரிய வேடிக்கை. பிள்ளைகள் பூஜ்யத்தை வைத்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கும். அவள் ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதிப்பாள். இன்னொரு கை மடியில் கிடக்கும்.

கொல்லத்துக்காரி ஒருத்தி அதை போனில் படம் பிடித்து, பாவம் பாருங்கள் என்று எழுதிப் போட்டாள். நல்ல மனசுக்காரிதான். ஆயிரக்கணக்கான பேர் பார்த்து அண்ணாச்சியைக் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். உள்ளே தள்ளணும் என்றார்கள். அந்த அம்மாவுக்கு விடுதலை கொடுங்கள் என்றார்கள். விடுதலை கிடைத்தால் அவள் எங்கே படுப்பாள் என்று ஒருத்தனும் எழுதவில்லை.

அண்ணாச்சி பயந்துவிட்டார். மசூதைக் கூப்பிட்டார்.

"காயில் கட்டக் குடுத்த மோட்டாரு என்னாச்சு?"

"ரெடியா இருக்கு அண்ணாச்சி. நானே வாங்கி வச்சிருக்கேன்."

"இன்னைக்கே மாட்டு. அவளைப் பொட்டியக் கட்டச் சொல்லு. நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா, ஆளே கிடையாதுன்னு காட்டணும்."

மசூதுக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். மோட்டாரைக் கொண்டுவந்து உள்ளறையில் தலையணை உறைகளுக்கு மேலே வைத்தான். புதுச் செம்புக் கம்பி மினுமினுத்தது.

"யக்கா, இனிமே நீங்க மிதிக்கண்டாம்."

"ரூமு?"

அவன் செயினைக் கழற்றுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டான். அப்புறம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான். அந்தக் கேள்விக்கு முன்னால் அவனால் உட்கார முடியவில்லை.

மாரித்தாய் மோட்டாரைப் பார்த்தாள். போன தடவை அதைக் கொன்றது தன் கை எண்ணெய்தான் என்று ஊரே சொல்லிச் சொல்லி அவளுக்குப் பாடம். எழுந்து போய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தாள். வலது கை உதவாது, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். புதுக் கம்பிச் சுருளுக்குள் நிதானமாக, ஒரு இடுக்கு விடாமல் ஊற்றினாள். கரும்பு மிஷினுக்குக்கூட இவ்வளவு பக்குவமாக விட்டதில்லை.

மசூது திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. தலையணை உறையில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணெயைத் துடைத்துக் காயவைத்தால் மோட்டார் ஓடும். அது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் கழுத்துச் சாவியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அவன் வெளியே போய்ச் சத்தமாகச் சொன்னான்: "அண்ணாச்சி, காயில் சரியாக் கட்டல. இது ஓடாது."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஏசினார். யாரை ஏசினார் என்று அவருக்கே தெரியாது. பிறகு யோசித்தார். பிறகு பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப அந்தக் கண்ணாடிய எடுத்துட்டுச் செங்கலை வச்சு அடைச்சிரு. முன்ன மாதிரி ஒருத்தருக்கும் தெரியாம உள்ளயே கெடக்கட்டும்."

மறுநாளே அடைத்தார்கள். கடைசிச் செங்கல் வைக்கும்போது வெளிச்சம் ஒரு சதுரமாகச் சுருங்கிப் போய்விட்டது. மாரித்தாய் இருட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிவப்பு பல்பு எரிந்தது. அவள் பெடலில் காலை வைத்தாள்.

"பாத்தியளா, ஆள் யாரும் தொடல, தானா ஓடுது" என்றது சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குரல்.